முணுமுணுப்போடு 978, இல்லாமல் 1,040

1969 ஜூன் 3. முணுமுணுப்பு இல்லாமல் 71,000 லீரா. முணுமுணுப்போடு 66,500 லீரா.
1980 ஜனவரி 1. இல்லாமல் 4,12,000. முணுமுணுப்போடு 3,86,000.
2001 ஜனவரி 1. இல்லாமல் 19,00,000. முணுமுணுப்போடு 17,80,000.
2002 ஜனவரி 1. இல்லாமல் 981.27 யூரோ. முணுமுணுப்போடு 919.29 யூரோ.
2004 ஜனவரி 1. இல்லாமல் 1,040. முணுமுணுப்போடு 978.
2004 ஏப்ரல் 1. 1,040.
2005 ஜூலை 9. ஒன்றுமில்லை.
2005 ஆகஸ்ட் 7. பயணச்சீட்டு, ஒருவர், போக வர, 8.50.
2009 பிப்ரவரி 14. சரக்கு, அறுபது கிலோவுக்கு மேல், 23.00.

மேலே உள்ளவை சான் ரூஃபோ படகுக்காரர்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டில் ஸ்தேவா மோர்த்தோலா என்ற பெயருக்கு நேரே நான் எழுதியவை. அடித்தல் திருத்தல் எதிலும் கிடையாது.

ஸ்தேவா எங்கள் படகுத்துறையில் கயிறு பிடிப்பவர். படகிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்து இரும்புக் கட்டையில் சுற்றுவது, ஏறுபலகையைப் போடுவது, சரக்குப் பெட்டிகளை முதுகில் இறக்குவது, அலை அதிகமான நாளில் பயணிகள் எடுத்த வாந்தியைக் கழுவுவது, இவ்வளவும் அவர் வேலை. ஜெனோவாவிலிருந்து எங்கள் ஊருக்குப் படகு இல்லாமல் வருவதானால் மலைமேல் பேருந்து நிறுத்தத்திலிருந்து எழுநூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். படியில் யாரும் வருவதில்லை. எல்லோரும் படகில்தான் வருகிறார்கள். எல்லோரும் ஸ்தேவாவின் கால்மாட்டில்தான் இறங்குகிறார்கள்.

இரண்டு சம்பளம் என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். ஜெனோவாக் கப்பல்களில் மாலுமியை வேலைக்கு எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: முணுமுணுப்போடா, இல்லாமலா? முணுமுணுக்கும் உரிமை வேண்டுமென்றால் கூலி கொஞ்சம் குறையும். வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால் முழுக்கூலி. எங்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்திலும் இது பதினான்காவது விதியாக இருந்தது. நடைமுறையில் எல்லோரும் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு மதுக்கடையில் இலவசமாக முணுமுணுத்தார்கள். ஸ்தேவா ஒருவர்தான் இருபத்தாறு வயதில் என் பயணச்சீட்டு ஜன்னலுக்கு வந்து, "முணுமுணுப்போடன்னு எழுதுய்யா கணக்கு. காசு குடுத்து வாங்கிட்டா யாரும் கேக்க முடியாது" என்றார். என்னை ஊரில் எல்லோரும் கணக்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் வாங்கிய பொருளை வீணாக்கவில்லை.

"வந்துட்டாங்கய்யா, கால் கழுவ ஊர் தேடி வந்துட்டாங்க" என்பார், கயிற்றை இழுத்தபடி. "ஊரு எங்க இருக்குன்னு கேக்கறான் பாரு. நீ மிதிச்சிக்கிட்டு நிக்கறதுதான்யா ஊரு." கயிற்று வளையத்துக்குள் காலை வைத்துக்கொண்டு படம் பிடிக்கும் பெண்ணிடம், "நல்லா எடும்மா. திரும்பிப் போறப்ப ஒரு காலுக்கு மட்டும் டிக்கெட் வாங்கினா போதும்" என்பார். அந்தப் பெண் திடுக்கிட்டு விலகுவாள். வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரியும். ஊர்ப் பேச்சில்தான் முணுமுணுப்பார். மிலானிலிருந்தும் தூரினிலிருந்தும் வருகிறவர்களுக்கு அது பாதி கூட விளங்காது. சிலர் வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கையில் சில்லறை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சில்லறையைக் கடலில் எறிந்துவிட்டு அதற்கும் சேர்த்து முணுமுணுப்பார்.

அவருக்கு அருவருப்பு பொய்யாக வரவில்லை. நான் எண்ணிக்கைக்காரன், எண்ணிக்கையில் சொல்கிறேன். 1998 ஆகஸ்ட் 16, ஞாயிறு. ஐந்து படகில் 1,143 பேர் இறங்கினார்கள். ஊரில் பொதுக் கழிப்பறை இரண்டு. மீதிக் கணக்கை மறுநாள் காலை வலைக்கிடங்கின் பின்சுவர் சொல்லும். குடிதண்ணீர்க் குழாயடியில் வரிசையாக நின்று, கீழே இருக்கும் தொட்டியில் கால்விரல் இடுக்கு மணலைக் கழுவுவார்கள். அதே தொட்டியில் நாயைக் குளிப்பாட்டுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் குடத்தை வைக்க வேண்டும். ஈர நீச்சல் கச்சையோடு மாதா கோயிலுக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்து பிட்டத்தின் அச்சைப் பதித்துவிட்டு வருவார்கள். எண்ணெய் ரொட்டி சுற்றிய காகிதத்தை மடித்துக் கல் இடுக்கில் செருகுவார்கள், ஏதோ நேர்த்திக்கடன் போல. வெயிலில் தோல் உரிந்த தோள்களிலிருந்து செதிலைப் பிய்த்துப் படகின் விளிம்பில் ஒட்டிவைத்தவனை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஸ்தேவாவின் வாயில் அதிகம் அடிபட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. நாங்கள்தான். குறிப்பாக, சங்கத் தலைவர் இவோ ஒலிவாரி. துறைக்கு எதிரே பெரிய உணவு விடுதி வைத்திருப்பவர். காலை 6.40 படகில் அவருக்கு உறைந்த கணவாய்ப் பெட்டிகள் ஜெனோவாவிலிருந்து வரும். ஸ்தேவாதான் முதுகில் சுமந்து பின்வாசலில் இறக்குவார். பனி உருகி அந்த நாற்றத் தண்ணீர் அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கும். 11.15 படகில் வருகிறவர்கள் முன்வாசல் வழியாகப் போய் உட்கார்வார்கள். விடியலில் எங்கள் கடலில் பிடித்தது என்று பலகையில் எழுதியிருக்கும். மாலை அவர்கள் திரும்பி ஏறும்போது ஸ்தேவா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொல்வார்:

"காலையில என் முதுகுல வந்தது, மத்தியானம் உன் வயித்துல போச்சு. இப்ப ரெண்டும் ஒண்ணாத் திரும்பிப் போகுது. ஒரே படகு, ஒரே டிக்கெட்டு."

2003 செப்டம்பரில் அப்படித் திரும்பிப் போனவர்களில் தூரின் நகரத்து வக்கீல் அம்மாள் ஒருவர் இருந்தார். அவருடைய தாயார் எங்கள் பக்கத்து மலைக்காரி. ஒரு வார்த்தை விடாமல் புரிந்துவிட்டது. திட்டியதற்கு அவர் கோபப்படவில்லை. சாப்பாட்டுக் காசைத் திருப்பிக் கேட்டார். நாலு பேர், 136 யூரோ. ஒலிவாரி கொடுத்தார். கொடுத்த அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

2004 மார்ச் 28 அன்று சங்கக் கூட்டம். உறுப்பினர் 23 பேர். ஒலிவாரி எழுந்து, துறையில் முணுமுணுப்பை ஒழிக்க வேண்டும் என்றார். யாரும் மறுக்கவில்லை. நான் பதினான்காவது விதியைப் படித்துக் காட்டினேன். முப்பத்தைந்து வருடமாக ஸ்தேவா அதற்குச் சம்பளத்தில் கழித்துக் கொடுத்திருக்கிறார். நிறுத்தச் சொன்னால் முழுச் சம்பளம் தர வேண்டும், மாதத்துக்கு 62 யூரோ கூடுதல். அதோடு கூட்டம் தலைகீழாகிவிட்டது.

"அறுபத்திரண்டு யூரோவா? ஒருத்தன் வாய மூடறதுக்கா?" என்று எழுந்தார் வலைக்காரர் ஒருவர். "நான் பொறந்ததுல இருந்து மூடிக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு யாரு குடுத்தா?"

"உன் வாய்க்கு உன் பொண்டாட்டி குடுத்துக்கிட்டிருக்கா, போதாதா?"

"பாதி மூடினா முப்பத்தொண்ணுதானே? வெளியூர்க்காரங்க வர்ற படகுக்கு மட்டும் மூடச் சொல்லலாமே."

மூன்று மணி நேரம் இப்படி. பலகையில் எழுதியிருப்பது பொய் என்பதைப் பற்றி ஒரு நிமிடமும் பேசவில்லை. நான் குறிப்பெடுப்பவன், எனக்குத் தெரியும். 12-க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறியது. ஸ்தேவா கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு வேலை நேரத்தில் முணுமுணுத்தால் வேலை போகும்.

அவர் போட மாட்டேன் என்றார். அவர் மனைவி எர்ஸிலியா மறுநாள் அவரை என் ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, பேனாவ இவர் கையில குடுங்க. கடைசி வருஷச் சம்பளத்த வச்சுத்தான் ஓய்வூதியமாம். முப்பத்தஞ்சு வருஷமா என் அடுப்புல இருந்து எடுத்துக் குடுத்து முணுமுணுத்தாச்சு. இனிமே நான் நல்ல எண்ணெய் வாங்கணும்."

"எண்ணெய்க்காக நான் ஊமையாகணுமா?" என்றார் ஸ்தேவா.

"வீட்டுக்கு வந்து திட்டுங்க. நான் கேக்கறேன். இலவசமாக் கேக்கறேன்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து துறை அமைதியானது. அந்த அமைதியைப் போல அசிங்கமான ஒன்றை நான் கேட்டதில்லை. கயிறு உரசுவது கேட்டது, செருப்பு சப்தம் கேட்டது, ஐஸ்கிரீம் நக்குவது கூடக் கேட்டது. கயிற்று வளையத்துக்குள் நின்ற மிலான்காரர் ஒருவரை எச்சரிக்க வார்த்தை இல்லாததால் ஸ்தேவா இடுப்பைப் பிடித்துத் தூக்கி, பீப்பாயை நகர்த்துவது போல் நகர்த்திவைத்தார். தொட்டுவிட்டார் என்று அதற்கும் ஒரு புகார் வந்தது.

வீட்டிலும் அவர் திட்டவில்லை. எர்ஸிலியா சொன்னாள்: "வாயத் திறந்தா ஒண்ணும் வரலேங்கறார் அண்ணே. எதிர்ல ஆள் இருந்தாத்தான் வருமாம்." சாப்பாடு குறைந்தது. நெத்திலி வாசனை பட்டாலே எழுந்து போய்விடுவார். நாற்பது வருடம் கடலில் ஒருநாளும் குமட்டாத மனிதர், கயிற்றுக் கொட்டகையின் பின்னால் போய் வாந்தி எடுக்கத் தொடங்கினார். 2004 ஆகஸ்ட் 8, 15, 22. மூன்றும் ஞாயிறு, மூன்றும் 11.15 படகு போன பிறகு. வைத்தியர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருவன் நாள் முழுக்கப் பார்த்ததை எங்காவது கொட்டத்தானே வேண்டும்.

2005 ஜூலை 3, ஊர்த் திருவிழா. அன்று துறையில் பெரிய இரும்புச் சட்டி வைத்து நெத்திலி பொரித்து வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பது வழக்கம். சும்மா கொடுப்பது எங்கள் ஊருக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் ஒலிவாரி மலிவாக முடித்திருந்தார். காலை 6.40 படகில் நாற்பது பெட்டி உறைந்த நெத்திலி. பெட்டியின்மேல் வேறொரு கடலின் பெயர். அதை ஸ்தேவாதான் இறக்கினார். இரண்டு பெட்டி வழியிலேயே இளகிப்போய், மீன்கள் வயிறு வெடித்துச் சாம்பல் நிறத்தில் இருந்தன. "மாவுல புரட்டினா தெரியாது" என்றார் ஒலிவாரி.

11.05-க்கு ஸ்தேவா என் ஜன்னலுக்கு வந்து ஓர் உறையை வைத்தார்.

"எண்ணிக்கோ. தொள்ளாயிரத்து முப்பது. பதினஞ்சு மாசம், மாசம் அறுபத்திரண்டு."

"எதுக்கு?"

"கூடுதலா வாங்கினத திருப்பிட்டேன். முணுமுணுப்போடன்னு எழுது. இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு."

"எந்தப் பத்தியில எழுதறது ஸ்தேவா? இதுக்குப் பத்தி இல்லையே. கூட்டம் கூடித் தீர்மானம் போடணும்."

"நாப்பது வருஷமா எழுதற, ஒரு பத்தி கிழிக்கத் தெரியாதாய்யா உனக்கு?"

நான் எழுதவில்லை. அவர் உறையை ஜன்னல் திட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். வந்த வரவை எழுத மறுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

11.15-க்குப் படகு வந்தது. இறங்கியவர்கள் 287. ஒலிவாரி ஒலிபெருக்கியில், "இன்று விடியலில் நம் வலையில் விழுந்த நெத்திலி!" என்று அறிவித்தார். ஸ்தேவா கயிற்றைக் கட்டினார், ஏறுபலகையைப் போட்டார், கடைசி ஆள் இறங்கும் வரை காத்திருந்தார். பிறகு இரும்புக் கட்டைமேல் ஏறி நின்றார். அன்று ஊர்ப் பேச்சில் பேசவில்லை. பள்ளிக்கூட இத்தாலியனில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசினார்.

"மிலான்காரங்களே, தூரின்காரங்களே, கொஞ்சம் நில்லுங்க. பதினஞ்சு மாச பாக்கி இருக்கு. அந்தச் சட்டியில இருக்கறது இந்தக் கடல் மீனில்ல. அதுவும் உங்கள மாதிரி படகுல வந்தது. உங்களுக்கு முன்னாடி வந்ததால அது கொஞ்சம் நல்லா நாறுது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மா, தொப்பி வச்ச அம்மா, நீங்க கால் கழுவினது நாங்க குடிக்கற தண்ணி. இப்ப அதே தண்ணியிலதான் உங்களுக்குக் காபி வரும், கவலப்படாதீங்க. ஐயா, கோயில் படியில உக்காந்து கால் நகம் வெட்டறீங்களே, வெட்டினத எடுத்துக்கிட்டுப் போங்க, எங்க சாமி சேர்த்து வைக்கறதில்ல. ஊர்க்காரங்க சிரிக்காதீங்க! உங்களுக்குத்தான் பெரிய பட்டியல். வலைக்கிடங்கு வாசல்ல கிழிஞ்ச வலையத் தொங்கவிட்டு, தைக்கற மாதிரி உக்காந்து, படம் பிடிக்க ஒரு யூரோ வாங்கறீங்களே, அந்தக் கைக்கு மீன் நாத்தம்கூட இல்லையேய்யா!"

இருபத்திரண்டு நிமிடம் பேசினார். கடிகாரம் என் முன்னால்தான் இருந்தது. ஒலிவாரியின் முகம் சட்டியை விடச் சிவந்திருந்தது. அவர் பேசி முடித்ததும் படகில் வந்தவர்கள் கைதட்டினார்கள்.

287 பேரும் கைதட்டினார்கள். திருவிழா நிகழ்ச்சி என்று நினைத்திருந்தார்கள். "ரொம்ப இயல்பா நடிக்கறார்" என்றாள் ஒருத்தி. ஒருவர் முன்னால் வந்து, "சார், முதல்ல இருந்து இன்னொரு தரம் சொல்றீங்களா? கேமராவ ஆன் பண்ணல" என்றார். பிறகு எல்லோரும் சட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். எங்கிருந்து வந்தது, எப்படி இளகியது என்று காதால் கேட்ட அதே மீனை விரலால் எடுத்துத் தின்று விரலை நக்கினார்கள். ஒரு மணி வரை கொடுத்த தட்டு 341. அதாவது ஐம்பத்துநாலு பேர் இரண்டாவது தட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஸ்தேவா கட்டையிலிருந்து இறங்கிக் கயிற்றுக் கொட்டகைக்குப் போனார். அன்று அவர் வாந்தி எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

ஜூலை 9 அன்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கொட்டகைமேல் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை சங்கத்துக்குச் சொந்தம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். எர்ஸிலியாவும் அவரும் ஜெனோவாவில் மகள் வீட்டுக்குப் போனார்கள். 930 யூரோ உறையை நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சங்கமும் வாங்கவில்லை. அது என் மேசையில் கிடந்தது.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 7 ஞாயிறு, 11.15 படகில் இறங்கியவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுத் தொண்ணூற்று நாலாவது ஆள் ஸ்தேவா. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஜெனோவாவில் வாங்கிய பயணச்சீட்டு. நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"ஸ்தேவா! உள்ள வாய்யா, காபி போடறேன்."

"நான் டிக்கெட் வாங்கின ஆளு. 'சார்'னு கூப்பிடு. புகார்ப் புத்தகம் குடு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்பது வருடமாக நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்றை அவர் யோசித்திருந்தார். வேலை செய்கிறவன்தான் முணுமுணுக்கக் காசு கொடுக்க வேண்டும். பயணிக்கு அது 8.50-க்குள் அடக்கம். விதி முப்பத்தொன்று: பயணி எழுதும் ஒவ்வொரு புகாருக்கும் முப்பது நாளுக்குள் தலைவர் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் பதில் அனுப்ப வேண்டும்.

முதல் புகார் என்மேல்தான்: 'சீட்டு ஜன்னலில் இருப்பவர் பயணியை மரியாதையின்றிப் பெயர் சொல்லி அழைத்தார்.' இரண்டாவது கயிற்றைப் பற்றி: புதிய ஆள் ஒரு சுற்று குறைவாகச் சுற்றுகிறான். மூன்றாவது குழாயடி. நான்கு, ஐந்து, ஆறு, மூன்றும் ஒலிவாரியின் பலகை. தலைப்புக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுதினார். பதிவுத் தபால் ஒன்றுக்கு 2.80. ஆறுக்கு 16.80. நான்கு ஞாயிறுக்கு 67.20.

"வாய மூட அறுபத்திரண்டு, தொறந்த வாய்க்கு அறுபத்தேழா?" என்று ஒலிவாரி என் ஜன்னலில் வந்து கத்தினார். "இருபது சென்ட் வேற! கணக்கு, இதெல்லாத்தையும் ஒரே உறையில போட்டு அனுப்பக் கூடாதா?"

"ஒவ்வொரு புகாருக்கும்னு விதியில இருக்கு தலைவரே."

"அப்ப விதிய மாத்து!"

"மாத்தக் கூட்டம் கூட்டணும். கூட்டத்துக்கு அறிவிப்பு இருபத்துமூணு. அதுவும் பதிவுத் தபால்தான்."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்தேவா 141 ஞாயிறு வந்தார். 803 புகார் எழுதினார். தபால் செலவு 2,248.40. இருநூற்றுப் பன்னிரண்டாவது புகாருக்குப் பிறகு ஒலிவாரியின் பட்டியலில் கணவாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் வந்தது; கீழே எறும்புக் கால் அளவு எழுத்தில், உறைந்தது என்று. இருநூற்றுப் பதிமூன்றாவது புகார், நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது. மற்றபடி எதுவும் மாறவில்லை. குழாயடியில் கால் கழுவக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். வந்தவர்கள் அதன்மேல் துண்டைக் காயப்போட்டார்கள்.

ஆனால் அவருக்கு வாந்தி நின்றுவிட்டது. "சாப்பிடறார் அண்ணே. சனிக்கிழமை ராத்திரியே சட்டைய எடுத்து வச்சிடறார்" என்று எர்ஸிலியா தொலைபேசியில் சொன்னாள். அவள் வரவில்லை. தன் ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரக் கூச்சமாக இருக்கிறது என்றாள்.

எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். 2007 ஜூலை 22. கடும் வெயில். ஸ்தேவா கோயில் படியில் உட்கார்ந்து கடலைமாவு அடையைத் தின்றார். எண்ணெய்க் காகிதத்தை மடித்துக் கல் இடுக்கில் செருகினார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய், செருப்பைக் கழற்றி, குடிதண்ணீர்த் தொட்டியில் இரண்டு காலையும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குடத்தோடு காத்திருந்த பெண் அதை நிரப்பாமலே திரும்பிப் போனாள். எனக்கு உடம்பு கூசியது. ஐந்து நிமிடம் கழித்து அவர் ஜன்னலுக்கு வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"புத்தகத்தக் குடு" என்றார்.

எழுதினார். புகார் எண் 588: 'ஒரு கிழவர் குடிதண்ணீரில் கால் கழுவினார். காகிதத்தையும் போட்டார். டிக்கெட் வாங்கினால் எவனும் இப்படித்தான் ஆவான் போலிருக்கிறது. பார்க்க அருவருப்பாக இருந்தது. நடவடிக்கை தேவை.'

போகும்போது இடுக்கிலிருந்த காகிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 'சம்பந்தப்பட்ட கிழவரைக் கண்டறிந்து எச்சரிப்போம்' என்று ஒலிவாரி பதில் கையெழுத்துப் போட்டார். படிக்காமல்தான் போட்டார்.

கடைசியாக வந்தது 2008 நவம்பர் 16. அன்று ஒரே ஒரு புகார்தான் எழுதினார். ஏறுபலகை செங்குத்தாகிவிட்டது என்று. பலகை எப்போதும் போலத்தான் இருந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு. பதில் போய்ச் சேர்ந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். 2009 பிப்ரவரி 11, புதன்கிழமை, இறந்தார்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. வெளியே இறந்தவர்களும் படகில்தான் வந்து சேர வேண்டும். 14-ஆம் தேதி காலை 6.40 படகில் ஸ்தேவா வந்தார். சவப்பெட்டிக்கு எங்கள் கட்டணப் பட்டியலில் தனி வரி இல்லை. அறுபது கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு என்ற வரியில் 23 யூரோ போட்டிருந்தார்கள். மழை. முன்தளத்தில் மேற்கூரை கொஞ்சம்தான்; அதன்கீழ் ஒலிவாரியின் பெட்டிகளும் சவப்பெட்டியும் ஒன்றாக இருந்தன. இடம் போதவில்லை என்று இரண்டு கணவாய்ப் பெட்டியைச் சவப்பெட்டியின்மேலேயே ஏற்றியிருந்தார்கள். அதிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் மரத்தின்மேல் ஒழுகிப் பித்தளைப் பிடியில் சொட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது கழுத்து வழியாக இறங்கிய அதே தண்ணீர்.

புதிய ஆள் கயிற்றை ஒரு சுற்று குறைவாகச் சுற்றினான். படகு விலகி மறுபடி முட்டியது. பெட்டிகள் சரிந்தன.

எர்ஸிலியா படகிலிருந்து இறங்கினாள். குடை பிடித்து நின்ற ஒலிவாரி துக்கம் சொல்லக் கையை நீட்டினார்.

"முதல்ல என் புருஷன் மேல இருந்து உன் கணவாய எடு" என்றாள்.

"எர்ஸிலியா, மழைக்காக ஒரு நிமிஷம்..."

"எடுடா! இத்தன வருஷம் தூக்கினது போதாதா அவரு? அந்தக் கயித்தப் பாரு, மாட்டக்கூட இப்படிக் கட்ட மாட்டாங்க. ஊரா இது? கழுவி ஊத்தினாலும் கடல் வாங்கிக்காது!"

ஒலிவாரியே குடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பெட்டிகளை இறக்கினார். தண்ணீர் அவர் கழுத்தில் இறங்கியதை நான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்ததும் எர்ஸிலியாவிடம் அந்த உறையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அவரு காசு குடுத்து வாங்கின சாமான் அண்ணே அது. அனுபவிச்சாச்சு. எனக்கு எதுக்கு? எழுதிக்கோங்க."

அன்று மாலை அளவுகோல் வைத்துப் பேரேட்டில் ஒரு பத்தி புதிதாகக் கிழித்தேன். முணுமுணுப்போடு, 930.00, பெற்றுக்கொள்ளப்பட்டது. 2005 ஜூலை 3, காலை 11.05 என்று தேதியும் நேரமும் போட்டேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன் ஜெனோவாவில் தபாலில் சேர்த்தது. புகார்ப் பிரிவுக்கு என்று முகவரி. அதில் இப்படி எழுதியிருந்தார்:

'இனிமேல் நான் சரக்காக வருவேன். சரக்குக்குப் புகார் எழுத உரிமை கிடையாது. ஆகவே டிக்கெட் வாங்கிய பயணியாக, நவம்பர் 16 சீட்டின் பேரில், முன்கூட்டியே எழுதுகிறேன். என்னை ஒலிவாரியின் பெட்டிகளோடு வைப்பார்கள். கயிறு ஒரு சுற்று குறையும். யாராவது வெளியூர்க்காரர் படம் பிடிப்பார். மூன்றும் தனித்தனிப் புகார், ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். பதில் முப்பது நாளுக்குள் வர வேண்டும். முகவரி: மேல் கல்லறைத் தோட்டம், வடக்குச் சுவர், மூன்றாம் வரிசை.'

மூன்றாவது மட்டும் நடக்கவில்லை. பிப்ரவரியில் வெளியூர்க்காரர்கள் வருவதில்லை. மூன்றையும் தனித்தனியாகவே பதிந்தேன். எண் 804, 805, 806. கடிதம் வந்த நாள்: 2009 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.